புலனத்தில் புறநானூறு

கல்லூரி மாணவர் வகுப்பறைக்கு வெளியே கற்பது புதுமையன்று. திண்ணையிலும் படிப்பகத்திலும் விடுதி அறையிலும் கூடிப் படித்தோரே நம்மிடையே நல்ல வாசகர்களாயினர். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, விரிவுரைக் கூடங்கள் அடைபட்டபோது, அத்திண்ணை கைப்பேசிக்குள் குடிபெயர்ந்தது. ஆணை நீங்கிய பின்னும் அங்கேயே தங்கிவிட்டது. தமிழ் பயிலும் மாணவரின் புலனக் குழுக்களை வெறும் பொழுதுபோக்கென இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. விரிவுரையாளர் முன் வாய்திறக்கத் தயங்கும் மாணவி நள்ளிரவில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறாள்; விடியுமுன் மூவர் விடை தருகின்றனர். இஃது எளிய பேறன்று.

ஆயினும், அங்கு நிகழும் இலக்கியக் கல்வி எத்தகையது? புறநானூற்றின் 192ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். கணியன் பூங்குன்றனாரின் அப்பாடல் 13 அடிகளால் ஆனது. குழுக்களில் உலவுவதோ முதலடி மட்டுமே. வண்ணப் படத்தின்மேல் அதைப் பொறித்து, உலக ஒருமைப்பாட்டின் முழக்கம் என்றொரு குறிப்பும் சேர்த்து அனுப்புகின்றனர். வாழ்த்து அட்டைக்கு அது போதும், பாடலுக்குப் போதாது. தீமைக்கும் நன்மைக்கும் பிறரைக் காரணமாக்காமை, சாவைப் புதிதென எண்ணாமை, கற்களில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீர்வழியே செல்லும் தெப்பம்போல் உயிரும் முறைவழியே செல்லும் என்ற தெளிவு ஆகியவற்றைக் கடந்த பின்னரே, பெரியோரை வியவாமையும் சிறியோரை இகழாமையும் பேசப்படுகின்றன. 11ஆம் அடியிலுள்ள காரணச் சொல்லே இவ்விரண்டையும் தெப்பத்தோடு பிணைக்கிறது. எனவே இங்குள்ள சமநோக்கு வெறும் உணர்ச்சிப் பெருக்கன்று. சிந்தித்துக் கண்ட முடிவு. முதலடியோடு நின்றவர்க்கு அம்முடிவும் இல்லை, அதன் காரணமும் இல்லை.

நூல் கிட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் மூலத்தை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் விலையின்றி வழங்குகிறது. அதே கைப்பேசியில், அதே விரலுக்கு எட்டும் தொலைவில் அது கிடக்கிறது. ஆனால் அனுப்பும் விரலுக்குப் படிக்கும் கண்ணின் துணை தேவைப்படுவதில்லையே! விரிவுரையாளர் சிலரும் குழுவில் இருக்கின்றனர்; கட்டைவிரல் படம் ஒன்றிட்டு அகல்கின்றனர்.

இம்மாணவருள் பலர் நாளை இந்நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராவர். முதலடியைச் சுவரில் எழுதிவைப்பர். குழந்தை அடுத்த அடியைக் கேட்டால் என் செய்வர்? இரவுக்கு ஓரடியாக, மூலத்தை முன்வைத்து, 13 இரவுகள் வாதிட எந்தக் குழுவுக்கும் இயலும். முதலிரவில் கேட்கத்தக்க வினா: ஊரும் உறவும் பற்றித் தொடங்கிய புலவர், இரண்டாம் அடியிலேயே தீமையைப் பேசுவானேன்?