எண்ணப்படாத உழைப்பு

ஓர் இலக்கியப் படைப்பை மதிப்பிடுங்கால், அது யாருடைய வாழ்வைக் காட்டுகிறது, யாருடைய வாழ்வை மறைக்கிறது என்று வினவுவது விமர்சகனின் முதற் கடமை. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் பெரிதும் புகழப்பட்ட சுகாதாரச் செயலிகளையும் இதே வினாவுக்கு உட்படுத்த வேண்டுமென்பது நமது கருத்து. இந்தியாவின் ஆஷாப் பணியாளர்களின் அனுபவம் இதற்கு ஏற்ற உரைகல்லாகும்.

2005இல் தொடங்கிய தேசிய கிராமிய சுகாதார இயக்கத்தின் கீழ், ஏறத்தாழ 1000 மக்களுக்கு ஒருவர் என்ற அளவில், அந்தந்தக் கிராமத்துப் பெண்களே ஆஷாக்களாகத் தெரிவுசெய்யப்பட்டனர். நாடெங்கும் அவர்தம் தொகை ஏறத்தாழ 10 இலட்சம். கருவுற்ற பெண்ணை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும், குழந்தைக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வதும் அவர்கள் பணி. ஆயினும் அரசாங்கத்தின் ஏட்டில் அவர்கள் ஊழியரல்லர், தொண்டர். தொண்டருக்குச் சம்பளம் ஏது? ஊக்கத்தொகையும் மதிப்பூதியமுமே உண்டு.

2020 மார்ச்சில் நாடு முடக்கப்பட்டு, நகரத்துத் தொழிலாளர் ஊர் திரும்பத் தொடங்கியபோது, வீடு வீடாகச் சென்று திரும்பியோரைப் பதிவுசெய்வதும், காய்ச்சல் கண்டோரை அறிவிப்பதும் இப்பெண்களின் தோளில் விழுந்தன. ஏப்ரல் 2இல் 'ஆரோக்கிய சேது' என்னும் செயலி வெளிவந்தது. நோயாளியின் அருகிருந்தவரை அது கண்டறிய வேண்டுமாயின், இருவரிடமும் திறன்பேசி இருத்தல் வேண்டும். அது இல்லாத குடிசைகளில் நோயின் சுவடு தேடியவை ஆஷாவின் கால்களே. அப்பெண்களுட் பலருக்குத் தக்க முகக்கவசமும் கிட்டவில்லை, சிலர் தாக்கவும்பட்டனர். இம்மேலதிக வேலைக்கென அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபா!

கருவியால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. ஒரே விவரத்தைப் பல பதிவேடுகளில் எழுதும் சுமையை அது நீக்கக்கூடும். கிராமத்துச் செய்தியை அன்றே மாவட்டத்துக்கு எட்டச்செய்யக்கூடும். ஆனால், பழைய பதிவேடும் தொடர்ந்து, புதிய செயலியும் வந்து சேருமாயின் வேலை இரட்டிப்பதன்றி வேறென்ன நிகழும்? நோயாளரைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் படிவம், அதனை நிரப்புபவர் எத்தனை நாழிகை நடந்தார், உண்டாரா என்று கேட்பதில்லை.

அப்பெண்களைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தபோதும் அது வேறுவிதமாகவே எழுந்தது. 2021இல் ஹரியானாவில், ஆஷாக்களுக்கு வழங்கப்பட்ட தொலைபேசிகளில் 'எம்.டி.எம். 360 ஷீல்ட்' என்னும் செயலியை நிறுவ முனைந்தபோது, தம்மைக் கண்காணிக்கும் ஏற்பாடே இதுவென அவர்கள் எதிர்த்துக் கிளர்ந்தனர். ஊழியரென ஏற்க மறுக்கும் அதிகாரம், ஊழியரை மேற்பார்வை செய்யும் உரிமையை மட்டும் கோருவது எவ்வகை நியாயம்?

2020 ஓகஸ்ட் 7, 8ஆம் திகதிகளில் இலட்சக்கணக்கான ஆஷாக்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். குறைந்தபட்ச ஊதியமும் பாதுகாப்புச் சாதனங்களும் அவர்தம் கோரிக்கைகளுள் முதன்மையானவை. 2022 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருதளித்தது. புகழுரை வந்தது, ஊழியர் என்ற தகுதி வரவில்லை. முற்போக்காளராகிய நாம் நம் பக்கத்தையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். இடதுசாரி முன்னணி ஆண்ட கேரளத்திலேயே, 2025 பெப்ரவரியில், 7000 ரூபா மதிப்பூதியத்தை 21000 ஆக உயர்த்தக் கோரி ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். அப்போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. செங்கொடியின் நிழலிலும் தொண்டு என்ற சொல் மலிவான உழைப்புக்குத் திரையாக முடியும் என்பதை இதினின்றும் நாம் கற்றல் வேண்டும்.

கிராமத்துச் சுகாதார வேலை இயல்பாகவே கூலியற்றது என்பாருமுளர். நமது நாட்டில் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர். அவர்தம் குறைகள் பலவெனினும், தொண்டரென்று பெயரிட்டு அவர் ஊதியத்தை மறுப்பாரில்லை. ஆகவே இது விதியன்று, அரசியல் தீர்மானம்.

நாளை இன்னொரு தொற்று வரலாம். இன்னும் கூர்மையான கருவிகளும் வரும். அவற்றை வரவேற்போம். ஆனால் வகுப்பறையிலும் சங்கத்திலும் அவற்றைப் பற்றிப் பேசும்போது, கருவியின் திறனைக் கேட்குமுன், அதனைச் சுமந்து நடப்பவரின் சம்பளப் பட்டியலைக் கேட்போம்.