மீட்புச் செலவு யார் தலையில்?

2018 செப்டம்பர். கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரப் படகு, பெர்த்துக்கு மேற்கே சுமார் 1,900 கடல் மைலில் புயலில் சிக்கியது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடிபட்டு அவரால் எழ முடியவில்லை. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டுபிடித்தது. நம் போர்க்கப்பல் சத்புராவும் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டும் விரைந்தன. இந்தப் போர்க்கப்பல்கள் வருமுன் அவரை ஏற்றிக்கொண்டது பிரான்சின் மீன்வள ரோந்துக் கப்பலான ஓசிரிஸ்.

பந்தயத்துக்குப் போனவருக்காக வரிப்பணம் இவ்வளவு கரைய வேண்டுமா? 1997இல் கவிழ்ந்த படகுக்குள் கிடந்த பந்தயப் படகோட்டி டோனி புல்லிமோரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. கப்பலும் ஆளும் எப்படியும் இருக்கிறார்கள், இதைவிட நல்ல பயிற்சி ஏது என்பது படைகளின் வழக்கமான பதில். பாதி உண்மை. எரிபொருளும் எந்திரத் தேய்மானமும் போகட்டும். மீட்கப் போகிறவர்களின் உயிரை எந்தப் பயிற்சிக் கணக்கில் எழுதுவது?

அதற்காக, காப்பாற்றப்பட்டவரிடம் பில்லை நீட்டுவது மடத்தனம். யார், எந்த நாட்டவர், ஏன் போனார் என்று பாராமல் உதவ வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டு தேடல் மீட்பு உடன்படிக்கை. அறம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கும் அதையே சொல்கிறது. பில்லுக்குப் பயந்தவர் அபாயத்தை அறிவிக்கும் கருவியை அழுத்தத் தயங்குவார். அந்தத் தாமதத்தில் படகு நீரோட்டத்தில் நகர, தேட வேண்டிய பரப்பு விரியும், செலவும் ஏறும். பொறுப்பைக் கரையிலேயே, பந்தயம் நடத்துவோரிடம் கேட்க வேண்டும். புல்லிமோர் கலந்துகொண்ட வாந்தே குளோப் பந்தயத்தில், கவிழ்ந்தாலும் நிமிரும் என்று சோதனையில் காட்டிய படகுகளுக்கே பிறகு அனுமதி என்றானது. அதுதான் சரியான கட்டணம்.

ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் ஆழ்கடல் மீனவரிடம் இந்த அளவுகோலை நீட்ட முடியாது. அவர் பிழைப்புக்குப் போனவர். ஒக்கிப் புயல் வந்தபோது பலர் கரைவிட்டுப் பல நாளாகியிருந்தது. எச்சரிக்கை எட்டும் தொலைவில் அவர்கள் இல்லை. கப்பலும் விமானமும் தேடின. எங்கே தேடுவது என்று சொல்லத்தான் படகுகளில் கருவி இல்லை. காணாமல் போனவர்களை மீட்கக் கோரிக் குழித்துறையில் ரயிலை மறித்த உறவுகளுக்கு யாரிடமும் பதில் இல்லை. டோமியின் இடத்தை ஒரு கருவி சொன்னது. அதன் விலை ஒரே ஒரு தேடல் பறப்பின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒக்கி வீசியது 2017இல். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருப்பிடம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 ஆகஸ்டில்.