கோட்டையும் சுருங்கையும்: தேர்வு நோக்கில் மனோன்மணீயம்

இலக்கியத் தேர்வுக்கு நாடகம் பயிலும் மாணவர் பலர், குடிலனின் பண்புநலனை விளக்குக என்னும் வினாவுக்கு முன்னரே விடை வகுத்து வைத்துக்கொள்கின்றனர். சூழ்ச்சி, பேராசை, முகமன், நன்றி மறத்தல் எனப் பட்டியல் நீள்கிறது. பட்டியலில் பிழையில்லை. ஆயின், நாடகத்தைப் படியாமலே அதனை எழுதிவிடலாம் என்பதே குறை.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம், 5 அங்கங்களும் 20 களங்களும் கொண்ட செய்யுள் நாடகம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் யாத்த 'இரகசிய வழி' என்னும் கதைப்பாடலைத் தழுவியது. இச்செய்திகள் நூலின் வாயில்வரை நம்மைக் கொண்டு சேர்க்கும். உள்ளே புகுதற்கு ஒரு வினா வேண்டும்: சீவகன் ஏன் ஏமாறுகிறான்?

தொடக்கத்தை நோக்குவோம். மதுரையை விடுத்துத் திருநெல்வேலியில் கோட்டை எழுப்பிய பாண்டியன் சீவகன், அதன் வலிமையை எண்ணிக் களிக்கிறான். சுந்தரமுனிவர் நிலையாமையை நினைவூட்டுகிறார். அமைச்சன் குடிலனோ மன்னன் கேட்க விரும்பியதையே கூறுகிறான். அவனது ஆற்றல் பொய் புனைவதில் மட்டும் அமைந்ததன்று. மன்னனின் ஆசையை அறிந்து அதற்குச் சொல் கொடுப்பதிலும் உள்ளது. உண்மை உரைக்கும் நாராயணன் எள்ளப்படுதற்கும் இதுவே காரணம். குடிலன் தனிமொழிகளில் நெஞ்சைத் திறந்து காட்டுகிறான். நாம் அறிந்ததை மன்னன் அறியான். அதனால் அவன் குடிலனைப் புகழுந்தோறும் நம் அச்சம் மிகுகிறது. பட்டியல் காட்டாத நாடகச்சுவை இதுவேயாம்.

இனி, முனிவர் மறைவாக அமைக்கும் சுருங்கையைக் காண்க. போரில் தோற்ற சீவகன் பெரிதும் நம்பிய கோட்டை அவனைக் காக்கவில்லை. மகளைக் காத்தற்கென அமைந்த சுருங்கையையோ குடிலன் கண்டறிந்து, பகைவனாகிய சேரன் புருடோத்தமனுக்குக் காட்டிக்கொடுக்க முனைகிறான். சேரன் அவனையே பிணித்து அவ்வழியே வருகிறான். கனவிற் கண்ட காதலனை மனோன்மணி நேரிற் கண்டு மாலை சூட்டுகிறாள். வஞ்சகன் திறந்த வழியே அவன் வஞ்சனை வெளிப்படும் வழியாகிறது. கதையமைப்பை வினவும் தேர்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. படித்தற்கென இயற்றப்பட்டமையின், நீண்ட உரைகள் சிலவிடத்துக் கதையோட்டத்தைத் தடுக்கின்றன. தந்தை விரும்பாத மணத்தை வற்புறுத்தியபோதும் உறுதி குலையாத வாணியின் முன், தந்தை சொற்குப் பலதேவனை மணக்க இசையும் மனோன்மணி சற்றே மங்கித் தோன்றுகிறாள். இவ்வாறு எழுதினால் மதிப்பெண் குறையுமோ என மாணவர் அஞ்ச வேண்டா. களத்தைச் சுட்டிக் காரணம் காட்டும் மறுப்பும் திறனாய்வே.

ஆசிரியர்க்கு ஒன்று கூறலாம். குறிப்பேடு தருமுன், முதற்களத்தை மாணவர் மூவர் வாய்விட்டுப் படிக்கட்டும். குடிலனின் முகமன் காதில் இனிமையாக விழும். சீவகன் ஏமாறியது ஏன் என்பதை வகுப்பே கூறிவிடும். அவ்விடை தேர்வு முடிந்த பின்னும் மறவாது.