வாசகர்களா குற்றவாளிகள்? மிகுபுனைவுத் தொடர்களும் அவற்றைப் பார்ப்பவர்களும்

பெரிய மிகுபுனைவு நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக்கும்போது அவற்றின் முதல் எதிரிகள் அந்த நாவல்களின் வாசகர்களே என்ற கருத்து விமர்சகர்களிடம் இன்று வேரூன்றிவிட்டது. புதிய சீசன் வந்ததும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள், எந்த மாற்றத்தையும் பொறுக்கமாட்டார்கள், புதிதாக வரும் பார்வையாளரையும் கசப்பேற்றி விரட்டிவிடுவார்கள் என்கிறார்கள். 2025 மே மாதம் அமேசான் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்றாம் சீசனோடு நிறுத்தியபோதும் இந்தப் பேச்சு திரும்பக் கேட்டது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பார்வையாளர்கள் எதற்குக் கொண்டாடினார்கள், எதற்குக் கொதித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் இந்தக் கருத்து நிற்காது.

தொலைக்காட்சிக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1958-இல் தன் நாவலுக்கு எழுதப்பட்ட திரைக்கதைச் சுருக்கத்தை டோல்கீன் கடுமையாக மறுத்து நீண்ட கடிதம் எழுதினார். 2004-இல் ‘எர்த்ஸீ’ குறுந்தொடராக வந்தபோது, தன் கதையின் பழுப்பு நிற மனிதர்களை வெள்ளையர்களாக்கிவிட்டதாக உர்சுலா லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்தார். மூலத்துக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்ற பெயரில் பின்னாளில் கறுப்பின நடிகர்களை வசைபாடியவர்கள் லெ குவினின் அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்திருக்கவேண்டும்.

2011-இல் மார்ட்டினின் நாவல்களைத் தழுவிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வந்தது. முதல் சீசனில் ராபர்ட் அரசனும் செர்ஸியும் தங்கள் பாழாய்ப்போன திருமணத்தைப் பற்றித் தனியே அமர்ந்து பேசும் காட்சி நாவலில் கிடையாது. இரண்டாம் சீசனில் ஹாரன்ஹால் கோட்டையில் சிறுமி ஆர்யா டைவின் லானிஸ்டருக்குப் பணிவிடை செய்கிறாள்; நாவலில் அவள் செய்தது ரூஸ் போல்டனுக்கு. ஐந்தாம் சீசனின் ஹார்ட்ஹோம் போரை மார்ட்டின் காட்சியாக எழுதவே இல்லை, அங்கே நேர்ந்த கேடு ஒரு கடிதத்தின் வழியாகத்தான் தெரியவருகிறது. இந்த மூன்றும் தொடரின் ஆகச் சிறந்த இடங்கள் என்று சொன்னவர்களில் நாவல் வாசகர்களும் உண்டு. 2013-இல் திருமண விருந்து படுகொலையாக முடியும் ‘சிவப்புத் திருமணம்’ காட்சி ஒளிபரப்பானபோது, என்ன நடக்கப்போகிறது என்று பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் நண்பர்களிடம் வாய் திறக்காமல் காத்திருந்து, அவர்கள் பதறி எழுவதைப் படம்பிடித்தவர்களும் இவர்களே. தாங்கள் முன்பு பெற்ற அதிர்ச்சியை மற்றவர்களும் பெறவேண்டும் என்று அவ்வளவு பொறுமை காத்தவர்கள் கதையின் காவலர்கள். அவர்களை எதிரிகள் என்று அழைப்பது அநியாயம்.

பிறகு 2019. எட்டாம் சீசன், ஆறே எபிசோடுகள். திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுங்கள் என்று கேட்ட மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஒரு கலைப்படைப்பைத் திருப்பி எடுக்கச் சொல்லும் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் வேர் முக்கியமானது. அந்தச் சீசனோடு ஒப்பிட நாவலே இல்லை. மார்ட்டினின் ஆறாம் நூல் இன்றுவரை வெளிவரவில்லை. ஆகவே மூலத்திலிருந்து விலகியதற்காகத்தான் ரசிகர்கள் கோபப்படுகிறார்கள் என்ற விளக்கம், அவர்களுடைய ஆகப்பெரிய கோபத்துக்கே பொருந்தவில்லை. நாயகி டெனேரிஸ் தலைநகரத்தை எரித்தது தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. அவள் அங்கே வந்துசேர்ந்த வழி எங்கே என்று கேட்டார்கள். ஏழு சீசன்கள் ஒவ்வொரு செயலுக்கும் விலை வைத்த கதை, கடைசியில் காரணங்களை உதறிவிட்டு விளைவுகளை மட்டும் அடுக்கியது. ஒளிபரப்பிய ஹெச்பிஓ கூடுதல் எபிசோடுகளுக்குத் தயாராக இருந்தும் தொடரை உருவாக்கிய பெனியாஃபும் வைஸும் சுருக்கத்தைத் தேர்ந்தார்கள். அந்த ஆண்டு தொடருக்குப் பன்னிரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன. விருதுக்குழுவை விடப் பார்வையாளர்களின் தீர்ப்பே சரி.

காரணம் இல்லாத விளைவைத்தான் பார்வையாளர்கள் மன்னிப்பதில்லை. ‘தி விட்சர்’ இரண்டாம் சீசனில் எஸ்கல் என்ற பாத்திரம் அறிமுகமான வேகத்திலேயே மாண்டபோது மனக்கசப்பு எழுந்ததும் இதனால்தான். மார்ட்டினின் மற்றொரு நூலைத் தழுவிய ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ இரண்டாம் சீசனுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில், அவரே ஒரு கண்டனம் எழுதிப் பின்னர் நீக்கிக்கொண்டார். மேலார் என்ற ஒரு குழந்தையை நீக்கிவிட்டால் அதன் தாய் ஹெலேனாவின் முடிவு வரை கதையின் கண்ணிகள் எப்படி ஒவ்வொன்றாக அறுந்துபோகும் என்பதே அவர் வாதம். சாதாரண ரசிகர் கேட்பதும் அதையே.

இதற்குள் ஒரு நஞ்சும் கலந்திருப்பதை மறைக்க முடியாது. 2022-இல் டோல்கீனின் கதையுலகில் நடக்கும் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ வெளியானபோது கறுப்பின நடிகர்கள் மேல் கொட்டப்பட்டது அப்பட்டமான இனவெறி. அமேசான் தன் தளத்தில் பார்வையாளர் மதிப்புரைகளை 72 மணி நேரம் நிறுத்தி வைத்தது. வெறுப்பைத் தடுத்தது சரி. ஆனால் அதன்பின், திரைக்கதை தளர்ந்திருக்கிறது என்று சொன்ன நேர்மையான ரசிகரையும் அந்த வெறியர்களோடு ஒரே கூண்டில் அடைப்பது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. நான் மறுக்கும் கருத்து வலுப்பெற்றது அங்கேதான்.

இனி ‘தி வீல் ஆஃப் டைம்’. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பிராண்டன் சாண்டர்சன் 2013-இல் முடித்துவைத்த பதினான்கு நாவல்கள். காலம் சக்கரமாகச் சுழல்கிறது, ஆன்மாக்கள் மீண்டும் மீண்டும் பிறக்கின்றன என்ற அதன் அடிப்படை நமக்கு அந்நியமே இல்லை. 2021-இல் வந்த முதல் சீசன் பலவீனமானது. நாயகர்களில் ஒருவனான பெரினுக்கு நாவலில் இல்லாத மனைவி ஒருத்தியை உருவாக்கி, முதல் எபிசோடிலேயே அவன் கையால் தவறுதலாகக் கொல்லவைத்தார்கள். அந்தத் துயரத்தைச் சுமக்கக் கதையில் இடமே ஒதுக்கப்படவில்லை. சாண்டர்சனும் இந்த முடிவைத் தான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். முக்கிய நடிகர் ஒருவர் பாதியில் விலகினார், பெருந்தொற்று படப்பிடிப்பைக் குலைத்தது. இறுதி எபிசோடில் இவை எல்லாம் தெரிந்தன. வாசகர்கள் கடுமையாகவே பேசினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நியாயம் இருந்தது.

அதே வாசகர்கள் 2025 மார்ச்சில் மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோடைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்பதை, அவர்களைக் குற்றம் சாட்டுபவர்கள் கவனிக்கவே இல்லை. கதைநாயகன் ராண்ட், ரூயிடியன் நகரத்தின் கண்ணாடித் தூண்களுக்கிடையே நடந்து தன் முன்னோர்களின் கண்கள் வழியாகக் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். போர்க்குணமே உருவான ஐயெல் மக்கள் ஒருகாலத்தில் ஆயுதம் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்திருந்தவர்கள் என்பது ஒவ்வொரு தலைமுறையாக விரிகிறது. முதலில் விளைவு, பிறகு அதன் காரணம், அதற்கும் முந்தைய காரணம். ராண்டாக நடிக்கும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே அந்த முன்னோர்களாகவும் ஒப்பனை மாற்றி மாற்றி நடிக்கிறார். ஒவ்வொருவரின் அச்சமும் தனித்த அச்சமாக இருக்கிறது. அதே எபிசோடில், ராண்டின் வழிகாட்டியான மொரெய்ன் நாவலில் என்ன கண்டாள் என்று காட்டப்படாத அனுபவத்தைத் தொடர் துணிந்து காட்டியது. மொரெய்னாக நடிக்கும் ரோஸமண்ட் பைக்கின் முகத்தில் எண்ணற்ற எதிர்காலங்கள் வந்துபோகின்றன, அவற்றில் திரும்பத் திரும்ப அவளுடைய சாவு. இது முழுக்கப் புதுச் சேர்க்கை. வாசகர்கள் இதை வரவேற்றார்கள், இருபது முப்பது ஆண்டுகளாகத் தாங்கள் கற்பனை செய்ததைவிடப் பெரியது என்று சொன்னவர்களும் உண்டு. கடைசி எபிசோடில் மொரெய்னின் காதலி சுவான் சாஞ்சே கொல்லப்பட்டது அவர்களைப் பிளந்தது. நாவலில் அவள் வெகுகாலம் வாழ்கிறாள். அந்த விவாதத்திலும் எடுத்து வைக்கப்பட்ட கேள்வி, இந்த மரணம் மொரெய்னை இனி எங்கே கொண்டுபோகும் என்பதே. அது தேர்ந்த விமர்சகரின் கேள்வி.

ஏப்ரல் 17 அன்று சீசன் முடிந்தது. மே 23 அன்று தொடர் நிறுத்தப்பட்ட செய்தி வந்தது. முதல் சீசனில் மனம் விட்டுப்போனவர்கள் திரும்பி வர ஐந்து வாரம் போதாது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் எபிசோடின் முதல் ஒளிபரப்பை அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இறுதி எபிசோடை அன்றிரவு பார்த்தவர்கள் 1 கோடியே 93 லட்சம். இடையில் எட்டு ஆண்டுகள். நாவல் வாசகர்கள் வாய்மொழியாகச் சேர்த்த கூட்டம் அது. வெளியான முதல் சில வாரங்களின் பார்வைக் கணக்கை வைத்து தொடரின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஸ்ட்ரீமிங் தளங்கள் அப்படி ஒரு கூட்டம் சேர அவகாசமே தருவதில்லை. தொடரை நிறுத்தியது அந்தக் கணக்கு. அதன் பழியை வாசகர்கள் தலையில் போடுவதை விமர்சகர்கள் நிறுத்தவேண்டும். தயாரிப்பாளர்கள் தம் பங்குக்கு, சாண்டர்சன் போன்றவர்களின் எச்சரிக்கையைத் திரைக்கதை எழுதும் கட்டத்திலேயே காதில் வாங்கவேண்டும்.

முதல் சீசனோடு இந்தத் தொடரைக் கைவிட்டவர்கள் மூன்றாம் சீசனுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதைக் கொண்டாடிய வாசகர்கள் மாற்றத்தை வெறுப்பவர்களா என்று.