அடிக்கிற கையும் சிரிக்கிற வாயும்: மலையக எழுத்திலும் சின்னத்திரையிலும் ஆணும் பெண்ணும்

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தப் பாதையில் போனாலும் லயத்துத் தகரக் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. கூரைக்குக் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் சன் டிவியும் விஜய் டிவியும் ஆதித்யாவும் ஓடுகின்றன; இடையிடையே சக்தியும் வசந்தமும். மலையக நாவல் எதுவும் எட்டிப்பார்க்காத வீடுகளுக்குள் வடிவேலுவும் கோவை சரளாவும் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. ஆம்பளை எப்படி இருக்கலாம், பொம்பளை எப்படி இருக்க வேண்டும், எந்தத் தவறைத் தட்டிக்கேட்க வேண்டும், எதைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம் என்பதையெல்லாம் அந்தக் காம்பராவில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பெட்டிதான். நமது விமர்சனமோ புத்தகத்தோடு நின்றுவிட்டது. புத்தகத்தையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. துரையும் கங்காணியும் செய்த கொடுமையை மலையக எழுத்து குற்றம் என்று எழுதியது. புருஷன் வீட்டுக்குள் செய்ததை வறுமையின் கணக்கில் எழுதிவைத்தது. சின்னத்திரை அதையே வேடிக்கையாக்கிவிட்டது.

முதலில் எழுத்து. தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகையும் தொழிற்சங்கமும் நடத்திய கோ. நடேசய்யர் 1937இல் ‘இந்தியத் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ நாடகத்தை வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளின் பாட்டுப் புத்தகம் 1940இல் வந்தது. அவர் அந்தப் பாடல்களைத் தோட்டக் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். பெண்பிள்ளை வாய் திறப்பதே அடங்காத்தனம் என்று எண்ணிய காலத்தில், ஆயிரக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரு பெண் குரலெடுத்துப் பாடியது சாதாரணக் காரியமல்ல. மலையக இலக்கிய வரலாற்றை நடேசய்யரிலிருந்து தொடங்குகிறவர்கள் மீனாட்சியம்மாளை அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரலாற்றை அவரிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை நூல் உலகத்துக்கு நம்மை அறிமுகம் செய்தது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது அவர் தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. அவற்றில் பல கொழுந்தெடுக்கும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் இழவு வீட்டிலும் பெண்கள் பாடியவை. கங்காணியின் அதட்டலையும் கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கையும் பெயர் சொல்லிக் கேலி செய்யும் துணிச்சல் இப்பாடல்களுக்கு உண்டு. நகைச்சுவை இங்கே கீழே இருப்பவளின் கையில் இருக்கிறது. அதிகாரம் உள்ளவனைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பு மலையகத்தின் சொந்தச் சொத்து. அது எங்கே தொலைந்தது என்பதே என் கேள்வி.

என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்தெடுக்கும் இளம்பெண்ணை இரக்கத்துக்குரியவளாக நிறுத்தாமல் கைத்திறன் உள்ள தொழிலாளியாக நிறுத்தியது. 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ கடல் தாண்டி வந்த தலைமுறையின் கதையை ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியே சொன்னது. இரண்டையும் நமது பாடத்திட்டங்கள் இன்னும் நெருக்கமாக வாசிக்க வேண்டும்.

எனினும் நின்று பேச வேண்டியது தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ பற்றித்தான். ஒற்றைக் காம்பரா, வளர்ந்த மகளும் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே தரையில் படுத்தாக வேண்டும். இருட்டில் ஒரு தகப்பனின் கை தவறிப்போகிறது. அந்த அவமானத்தைச் சுமந்து அவன் படும் பாடுதான் கதை. ஈழத்துச் சிறுகதைகளில் இதற்கு நிகராக எழுதப்பட்டவை சிலவே. மனிதரை மந்தைபோல் அடைத்துவைத்த கட்டிடம் என்ன செய்யும் என்பதை இதைவிடக் கூர்மையாக யாரும் காட்டவில்லை. குற்றவாளி அந்தக் காம்பராதான் என்று தெளிவத்தை சொல்வது முழுக்க நியாயம். ஆனாலும் கதை தகப்பனின் கூச்சத்தைப் பின்தொடர்ந்து செல்கிறது. அந்த மகள் விடிந்தபின் எந்த முகத்தோடு பெரட்டுக்குப் போனாள், யாரிடம் என்ன சொன்னாள், சொல்லாமல் எப்படி இருந்தாள்? அதே இரவை அவள் பக்கமிருந்து எழுத ஒரு கை வேண்டும். தெளிவத்தை கதவைத் திறந்துவைத்துப் போனார். உள்ளே போனவர்கள் குறைவு.

இந்தக் குறை தெளிவத்தையின் குறையல்ல. ஒரு தலைமுறை எழுத்தின் அரசியல் அப்படி அமைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிபோன சமூகம், வெளியாரின் இழிசொல்லுக்கு ஆளான சமூகம், தன் வீட்டு அழுக்கை முற்றத்தில் வைக்கத் தயங்கும். ‘குடிகாரத் தோட்டக்காட்டான்’ என்று கொழும்பும் யாழ்ப்பாணமும் ஏசிக்கொண்டிருந்தபோது, நமது எழுத்தாளர் அவன் ஏன் குடிக்கிறான் என்று விளக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கொழுந்து மலையில் அட்டைக் கடி, துரையின் ஏச்சு, வயிற்றுப் பசி, அதனால் குடி, அதனால் அடி என்று ஒரு சங்கிலி உருவானது. அதே அட்டைக் கடியும் அதே ஏச்சும் அதே பசியும் பெண்ணுக்கும் உண்டு. அவள் ஏன் குடித்துவிட்டு வந்து யாரையும் அடிக்கவில்லை என்ற கேள்வியை அந்தச் சங்கிலியில் கோக்க இடமில்லாமல் போயிற்று.

தோட்ட வேலையின் அமைப்பைத் தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. கவ்வாத்து வெட்டும் ஆணும் மருந்தடிக்கும் ஆணும் கொடுத்த அளவை முடித்து மத்தியானத்தோடு இறங்கிவிடுவது பல தோட்டங்களில் வழக்கம். கொழுந்தெடுக்கிற பெண் மாலை நிறுவை முடிய மலையை விட்டு இறங்க முடியாது. இறங்கியதும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓட வேண்டும், தண்ணீர், விறகு, ரொட்டி என்று அடுப்படி காத்திருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பதே 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கிவரும் வழக்கம் அதன் பிறகும் பல இடங்களில் நீடித்தது. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் எழுதிய பெருந்தோட்ட வரலாற்று நூல், தோட்டத்தின் ஆணாதிக்கம் துரை பங்களாவில் தொடங்கி கங்காணி, கணக்கப்பிள்ளை வழியாக லயத்துக் காம்பராவரை இறங்கும் ஒரே ஏற்பாடு என்று விளக்குகிறது. நமது கதைகள் அந்த ஏணியின் மேற்படிகளைத் துல்லியமாகக் காட்டின; கடைசிப் படியில் விளக்கைத் தணித்துக்கொண்டன.

இனி மேடைக்கும் பெட்டிக்கும் வருவோம். மாசியில் தோட்டம் தோட்டமாக ஆடப்படும் காமன் கூத்து மலையகத்தின் பெரிய நாடகம். ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனைப் போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. எரிந்து சாம்பலாகிறான். அவள் புலம்புகிறாள். ஊரே உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும் இந்தக் கூத்தின் நடுவில் இருப்பது, சரியாகச் சொன்ன மனைவியும் அதைக் காதில் வாங்காத கணவனும். நமது ஆய்வுகள் இதில் சடங்கையும் தொன்மத்தையும் நிறையவே பேசின. இந்த வாக்குவாதத்தை ஒரு குடும்ப நாடகமாக யாராவது விரிவாக வாசிக்க வேண்டும். அடங்காமல் எதிர்வாதம் செய்யும் ரதியை மலையகம் தெய்வமாகக் கும்பிடுகிறது. அதே வாதத்தை அடுப்படியில் செய்கிறவளை வாயாடி என்கிறது.

கூத்தில் ஆண் பெண்வேடம் கட்டியது மரியாதையோடு. விரதமிருந்துதான் கட்டுவார்கள். விஜய் டிவியின் ‘கலக்கப்போவது யாரு’, ‘அது இது எது’ போன்ற நிகழ்ச்சிகளில் ஆண் சேலை கட்டிக்கொண்டு வருவது வேறு காரியம். அங்கே பெண்ணின் நடை, உடம்பு, குரல், வயது எல்லாமே சிரிப்புக்கான பொருள். மாமியார், கருத்த பெண், பருத்த பெண், கணவனை அதட்டுகிற பெண் என்று அச்சுகள் தயாராக இருக்கின்றன. ஆதித்யா போன்ற சிரிப்பு அலைவரிசைகள் படங்களிலிருந்து நகைச்சுவைத் துண்டுகளை வெட்டி எடுத்து ஒட்டி நாள் முழுவதும் ஓட்டுகின்றன. முழுப்படத்தில் குடிகாரக் கணவனுக்கு இறுதியில் ஒரு பாடமோ தண்டனையோ இருந்திருக்கலாம். துண்டில் அது இல்லை. தள்ளாடுவதும் அறை விழுவதும் மட்டுமே மிஞ்சுகின்றன.

கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கிறாரே, அது பெண்ணின் வெற்றிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காட்சி சிரிப்பூட்டுவதற்குக் காரணமே, அடிக்க வேண்டியவன் ஆண் என்ற எண்ணம் பார்க்கிறவர் மனதில் உறுதியாக இருப்பதுதான். தலைகீழாகக் காட்டினாலும் அந்தச் சட்டம் அப்படியே நிற்கிறது. இதற்கு மாறான ஒன்றையும் தமிழ்த் திரை செய்திருக்கிறது. வி. சேகரின் ‘விரலுக்கேத்த வீக்கம்’ (1999) பொறுப்பற்ற மூன்று கணவர்களையும், வேலைக்குப் போகத் துணியும் மூன்று மனைவியரையும் வைத்து முழுக்க முழுக்கச் சிரிக்க வைத்தது. அதில் நகைப்புக்கு ஆளாவது கணவர்களின் சோம்பலும் வீண் கௌரவமும். சிரிப்பு ஒன்றேதான், அது யார்மேல் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் பேருந்துச் சாரதி மனைவியிடம் முஷ்டியை மடக்கிக் காட்டி மிரட்டுவது வாராவாரம் கைதட்டல் வாங்கிய நகைச்சுவை. 1971இல் நார்மன் லியர் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ அதேபோன்ற முரட்டு அப்பனை நடுவில் உட்கார வைத்து, அவனுடைய அறியாமையையே கேலிப்பொருளாக்கியது. எழுதுகிறவர் மனம் வைத்தால் அதே பாத்திரத்தின் திசையை மாற்ற முடியும்.

இலங்கையின் சொந்த நகைச்சுவையில் மலையகத்தின் இடம் எது? இலங்கை வானொலியில் புகழ்பெற்று 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்த தொடரில் மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்று நால்வர். முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், ஐயர் தமிழ் என்று நாட்டின் குரல்களையெல்லாம் அது கூட்டிவந்தது. தோட்டத்துப் பேச்சு அந்த நால்வரில் ஒருவருக்கும் இல்லை; நால்வரும் ஆண்கள். திரையில் மலையகத்தைப் பேச 1975இல் ‘புதிய காற்று’ வந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்தார், தெளிவத்தை ஜோசப் எழுதினார். அதன்பின் ரூபவாஹினியும் சக்தியும் வசந்தமும் வந்தும், தோட்டம் பெரும்பாலும் செய்தியிலும் மே தின ஊர்வலத்திலுமே தலைகாட்டியது. ஒரு லயத்துக் குடும்பம் தன் சொந்தப் பேச்சில் வாரந்தோறும் சிரிக்க வைக்கும் தொடர் நமக்கு நிலைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் சென்னையின் சிரிப்பு வந்து அமர்ந்தது.

அதன் விளைவு பேச்சில் தெரிகிறது. “ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்”, “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று லயத்தில் மாமியாரும் சொல்கிறாள், சீரியல் மாமியாரும் சொல்கிறாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிபட்டவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தோட்டத்தில் விஷயம் பெரும்பாலும் தலைவர் வீட்டு இஸ்தோப்போடு சமாதானமாகிவிடுகிறது. அவள் முறைப்பாட்டைச் சொல்லும்போது சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடுமே, அந்தச் சிரிப்பைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். அது முந்திய இரவு பார்த்த காட்சியின் மிச்சம்.

பெண்கள் எழுத வந்தபின் விளக்கு மீண்டும் தூண்டப்படுகிறது. அந்தனி ஜீவா மலையகப் பெண்களின் எழுத்தைத் தேடித் தொகுதிகளாக்கியது பெரிய தொண்டு. பிரமிளா பிரதீபனின் ‘பாக்குப்பட்டை’ கதைகளும், முள்தேங்காய்த் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ‘கட்டுபொல்’ (2017) நாவலும் வேலைத்தலத்தையும் வீட்டையும் தனித்தனியாகப் பிரிக்காமல் பார்க்கும் எழுத்து. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகப் பெண்கள் அங்கே தேர்தலில் வென்று அமர்ந்தது அதுவே முதல் தடவை. மேடையில் பெண் பேசுவதை இந்தச் சமூகம் ஏற்கத் தொடங்கிவிட்டது. பெண் எழுதிச் சிரிக்க வைப்பதை ஏற்பது அடுத்தது.

அதைத் தொடங்கப் பள்ளிக்கூடம் போதும். வருடாவருடம் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நாடகம் பழக்குகிற ஆசிரியர்களையும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெறுகிறவர்களையும் கேட்கிறேன்: இந்த ஆண்டு நாடகப் பிரதியை எழுதும் வேலையைப் பெண்பிள்ளைகளிடம் கொடுங்கள். லயத்துப் பேச்சிலேயே எழுதட்டும், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். குடித்துவிட்டு வருகிற அப்பாவை அவர்கள் எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.