கார்வைக்குக் கட்டை எதற்கு?

பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கப்போகும் தூத்துக்குடி மில்லர்புரத்துப் பெற்றோர் பலர், "எத்தனை கட்டையில பாட வைப்பீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குரலில் கார்வை வருமா என்று கேட்பவர்கள் குறைவு. கட்டை, அதாவது சுருதி, ஏறினால் சாரீரம் தேறிவிட்டது என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன கணக்கு.

அந்தக் கணக்கு நாடக மேடையிலிருந்து வந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் பாட்டெழுதிய காலத்தில் மேடையில் மைக் கிடையாது. செங்கோட்டை கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடியதற்கு ரசிகர்களின் கைதட்டல் ஒரு காரணமென்றால், கொட்டகையின் நீளம் இன்னொரு காரணம். மைக் வந்ததும் தேவை போய்விட்டது, அளவுகோல் மட்டும் தங்கிவிட்டது.

அதற்காகச் சாதகம் முழுவதையும் தள்ளிவிட முடியாது. விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில், அடங்கிய குரலில், ஒரு சுரத்தை இழுத்து நிறுத்திப் பழகும் முறை இன்றைய குரலியலுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. வாயை மூடி 'ம்' என்று கீழ் சட்ஜத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பற்கள் ஒட்டக்கூடாது, நாக்கு தளர்ந்து கிடக்க வேண்டும். சரியாக வந்தால் உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்புப் போகாமல் 'ம்ம்ஆ' என்று வாயைத் திறப்பதுதான் பயிற்சியின் உயிர். திறந்ததும் குறுகுறுப்பு அறுந்தால் தொண்டை இறுகிவிட்டது என்று பொருள். அவசரக்காரர்களுக்கு இது அலுப்பூட்டும். பலனும் இதில்தான்.

இதன் இயற்பியல் எளியது. ஆண் ஒருவரின் குரல்நாண் தொடங்கி உதடு வரை உள்ள குழாய் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்தக் குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். இவைதான் ஒத்ததிர்வுகள். நாக்கு, தாடை, உதடு அசையும்போது இந்த எண்கள் இடம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் நாம் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் கேட்கிறோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் கொப்பூழிலிருந்து எழும் காற்றைத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிறுத்தி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று உறுப்புகளைக் கணக்கெடுத்ததும் இந்தக் குழாயைத்தான்.

பழைய சாதகத்தின் குறை தொடங்குவது, 'ஆ' என்று பாடும் அகாரத்தோடு நின்றுவிடும் இடத்தில். 'ஆ' உயிர்களிலேயே வசதியானது. அதன் முதல் ஒத்ததிர்வு மேலே இருப்பதால், சுருதி ஏறினாலும் குரல் மெலியாது. 'இ', 'உ' அப்படியல்ல. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணின் தார ஸ்தாயி சட்ஜம் ஏறத்தாழ 415 ஹெர்ட்ஸ். அந்த உயரம் 'இ', 'உ' இரண்டின் முதல் ஒத்ததிர்வையும் தாண்டிவிடுகிறது. வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். அகாரம் மட்டுமே பழகிய குரலுக்கு அந்தச் சூட்சுமம் பிடிபடாது. ஆலாபனையில் மினுங்கியவர், சாகித்தியத்துக்கு வந்ததும் சொல்லை மென்று விழுங்குவது இதனால்தான் என்பது என் கணிப்பு. இகாரத்திலும் உகாரத்திலும் சரளி வரிசை பாட வைக்கும் ஆசிரியரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மூச்சைப் பற்றியும் நம்மிடம் ஒரு குழப்பம் உண்டு. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாடினால் சாரீரம் கூடும், மூச்சை அடக்கிப் பழகினால் கார்வை வரும் என்பார்கள். மூச்சடக்கிப் பெயர்பெற்ற கரை இது. இங்கே 1961இல் நின்றுபோன முத்துக்குளிப்பில், கல் கட்டிய கயிற்றோடு கடலடி முத்துப் பாருக்கு இறங்கியவர்கள் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சைப் பிடித்துவைத்தார்கள். அது காற்றை வெளியே விடாத திறமை. பாடுவதோ காற்றைச் சீராகச் செலவழிக்கும் வேலை. நீருக்குள் நின்றால் நெஞ்சு அமுங்கி மூச்சுத் தசைகளுக்கு வேலை கூடும். வாய்க்குழாயின் வடிவம் அதனால் மாறாது.

இப்போது ஸ்ட்ரா பயிற்சி வந்திருக்கிறது. ஜூஸ் குடிக்கும் குழலை வாயில் வைத்து, அதன் வழியாக ஒலி எழுப்புவது. அமெரிக்க ஆய்வாளர் இங்கோ டிட்சே பரப்பிய முறை இது. குறுகிய வாயில் திரும்பும் காற்றழுத்தம், குரல்நாண்கள் ஓங்கி மோதிக்கொள்ளாமல் அதிர உதவுகிறது. கட்டிப்போன தொண்டையை இளக்குவதற்கு நல்ல வழி. ஆனால் குழலை எடுத்த பிறகும் அந்தத் தளர்ச்சி நிற்க வேண்டுமென்றால், உடனே ஒரு சுரமோ ஒரு வாக்கியமோ சொல்லிப் பழக வேண்டும். இதோடு சேர்த்துச் சொல்லப்படும் 'கன்ன எலும்பில் ஒலியை வை' என்ற அறிவுரை அடையாளமாகப் பயன்படும், விளக்கமாகச் செல்லாது. கன்னத்தில் உணரும் அதிர்வு விளைவுதான். எதிரில் இருப்பவர் காதுக்குப் போகும் ஒலிக்கு எலும்பு தரும் பங்கு மிகச் சொற்பம்.

பேச்சுக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவு. மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தில், படகு எஞ்சின் இரைச்சலைத் தாண்டி விலை கூறுபவரின் குரல் தடித்த குரல் அல்ல, கணீரென்ற குரல். சுவீடனின் யோகான் சுந்த்பெரி 1970களில் ஓபரா பாடகர்களிடம் கண்டதும் இதற்குப் பக்கத்து விஷயம்தான்: 3000 ஹெர்ட்ஸ் அருகே குரலின் வலு குவிந்தால் வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். மைக் முன்னால் அதுவும் தேவையில்லை. இந்தக் கரை கேட்டு வளர்ந்த இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனனோ அப்துல் ஹமீதோ கத்திப் பேசியதில்லை.

என் பெரிய மனக்குறை மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் பையன்களின் குரல் உடையும் விஷயத்தில். பாய்ஸ் நாடகக் கம்பெனிக் காலத்தில் குரல் உடைந்த பையனுக்குப் பாடும் வேடம் போய்விடும். இன்றைய வகுப்புகள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன: பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன, அல்லது பழைய சுருதியிலேயே முக்க வைக்கின்றன. குரல்நாண் நீண்டு தடிக்கும் அந்த மாதங்களில் சுருதியை அவன் வசதிக்கு இறக்கி, ஐந்தாறு சுரத்துக்குள், சத்தமில்லாமல் 'ம்'காரம் பழக வைத்தால் போதும். பெண் பிள்ளைகளோடு ஒரே சுருதிப்பெட்டியில் உட்கார வைக்கக்கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால், பையனோ பெண்ணோ, பனங்கற்கண்டோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.