அரை கிராம் ஈயம்

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் போடும் பெல்லட்டின் எடை அரை கிராமுக்குச் சற்றே கூடுதல். விட்டம் 4.5 மி.மீ. தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, உள்ளே குழிந்து விரிந்த பின்விளிம்பு. தலை தட்டையாக இருப்பதால் காகித இலக்கில் பிசிறில்லாத வட்டத் துளை விழும். பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து குழலோடு இறுகி, குழலுக்குள் வெட்டிய சுருள்வரிகளின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும். இவ்வளவு சிறிய ஈயத் துண்டுக்குள் இவ்வளவு யோசனை இருப்பதைப் பார்த்து எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துப்பாக்கி சுடும் பொழுதுபோக்கில் தோட்டாவைத் தாமே அடைத்துக்கொள்வது தனிக் கலை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். தீப்பற்ற வைக்கும் புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமர்த்துவார்கள். தன் துப்பாக்கி எதை விரும்புகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதில்தான் அவர்களுடைய சுகம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அது சரியான சட்டம் என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தேடல் ஏர் ரைபிள்காரனுக்கும் உண்டு. அவன் அடைப்பதில்லை, பொறுக்குகிறான்.

ஒரு டப்பாவில் வழக்கமாக 500 பெல்லட் இருக்கும். மூடியில் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் குழல் கண்டுகொள்ளும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைபிள்கள் இரண்டை எடுத்தால், ஒன்றுக்குப் பிடித்தது மற்றதற்குப் பிடிக்காது. அதனால் ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்போம். ஐந்தும் சேர்ந்து ஒரே துளையாக, ஒரு பெல்லட்டின் அகலத்தைவிட மயிரிழை பெரிதாக விழுந்தால் அந்த டப்பாதான் நமக்கு. அந்தத் துளையைத் தடவிப் பார்க்கும்போது வரும் நிறைவு தனி.

பிறகு வீட்டில் உட்கார்ந்து, மில்லிகிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பேன். 0.530 ஒரு கிண்ணம், 0.534 இன்னொரு கிண்ணம். பின்விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று லென்ஸில் பார்த்து, நெளிந்ததை ஒதுக்குவேன். நிறுப்பது வீண் வேலை என்று சொல்லும் நல்ல சுடுநர்கள் இருக்கிறார்கள். டப்பாவைச் சரியாகத் தேர்ந்தாலே போதும் என்பார்கள். பத்து மீட்டர் தூரத்துக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் நிறுத்து முடித்த பெல்லட்டைக் குழலில் வைக்கும்போது மனத்தில் ஒரு சந்தேகம் குறைகிறது. இந்த விளையாட்டில் சந்தேகம்தான் முதல் எதிரி. (ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.)

ஏன் இவ்வளவு நுணுக்கம்? இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். சுடும் ஈயம் அதைவிட ஒன்பது மடங்கு அகலம். போட்டியில் பத்தையும் பத்தாகப் பிரித்து 10.9 வரை மதிப்பிடுகிறார்கள். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் கடைசிச் சுடலுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார். ஹாக்கினன் 9.7 சுட்டு வெண்கலத்துக்கு இறங்கினார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் தகுதிச் சுற்றில் 60 சுடலில் 630.7 எடுத்தார். சராசரி பத்தரைக்கும் மேல். ஆனால் கிடைத்தது பத்தாம் இடம். இறுதிச் சுற்றில் எட்டுப் பேருக்குத்தான் இடம்.

நான் பயிற்சி செய்வது திருநின்றவூரில், என் வீட்டு நீளக் கூடத்தில். வாசல் பக்கம் நான், கொல்லைச் சுவரில் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, நடுவே பத்து மீட்டர். சுடும்போது கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கும், கூடத்தில் யாரும் நடமாட மாட்டார்கள். அரக்கோணம் பாதையில் சரக்கு வண்டி போகும்போது தரை லேசாக அதிரும். அது கடக்கும்வரை ரைபிளைத் தாழ்த்திக் காத்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 125 மி.மீ. பீரங்கி பூட்டிய டாங்கிகள் உருவாகும் இடத்தில் இருந்த அவர், என் 4.5 மி.மீ. குழலைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நல்லா முடிச்சிருக்கான், தம்பி" என்றார். கடைசல்காரர் வாயால் அதைக் கேட்க வேண்டும்.

என் பயிற்சியில் பெரும்பகுதி பெல்லட் இல்லாமல்தான். காற்றும் இல்லை, ஈயமும் இல்லை. டிரிகரின் 'டிக்' மட்டும். இடது முழங்கை இடுப்பெலும்பில் அமர வேண்டும். மூச்சு பாதியில் நிற்க வேண்டும். முன்வளையத்துக்குள் கறுப்பு வட்டம் தானாக வந்து நிற்க, விரல் நமக்கே தெரியாமல் முடித்துவிட வேண்டும். முடிந்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும். இந்த ஊரில் பூசலார் நாயனார் கல்லும் மரமும் இல்லாமல், அடித்தளம் முதல் சிகரம்வரை நெஞ்சுக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டினார். அவர் கதையோடு சேர்ந்த இருதயாலீஸ்வரர் சந்நிதியைக் கடக்கும்போதெல்லாம், ஒன்றையும் விடாமல் வரிசையாக மனத்தில் கட்டிய அந்தப் பொறுமையை நினைத்துக்கொள்வேன். வெறும் டிரிகர் பயிற்சிக்கு வேண்டியதும் அதுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இதற்கு ஆசைப்பட்டால் தயங்காதீர்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் அதில் பாதிகூட வராது. ஆனால் எடுத்த உடனே விலை உயர்ந்த ரைபிள் வாங்காதீர்கள். நல்ல பயிற்சியாளரிடம், கிளப் ரைபிளோடு, பெல்லட் இல்லாமல் சில வாரம் நிற்க விடுங்கள். அதில் பிள்ளைக்குச் சலிப்பு வரவில்லை என்றால், இரண்டு மூன்று வகை பெல்லட் டப்பா வாங்கிக் கொடுங்கள். ரைபிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.